சுமைதாங்கி எறங்கறவங்க முன்னாடி வாங்க

காவேரிப்பாக்கம் பக்கம் வந்தாலே கண்டக்டர் குரல் மாறிடும். அதுவரைக்கும் சில்லறை சில்லறைன்னு கேட்டுக்கிட்டு இருந்தவர், கம்பியைப் பிடிச்சு எக்கி நின்னு "சுமைதாங்கி எறங்கறவங்க முன்னாடி வாங்க, வண்டி நிக்காது"ன்னு சத்தம் குடுப்பார். எனக்கு அப்ப ஆறு ஏழு வயசு இருக்கும், அது ஒரு ஊர்ப்பேருன்னே எனக்குத் தெரியாது. சுமை வச்சிருக்கறவங்களைத்தான் எறங்கச் சொல்றாருன்னு நெனச்சு ஆயா முகத்தைப் பார்ப்பேன், ஏன்னா எங்க குடும்பத்துல மூட்டை எப்பவும் ஆயா கிட்டதான் இருக்கும். ஆயா அசையாம உக்காந்திருக்கும். நாம எறங்க வேண்டிய எடம் இன்னும் தள்ளிடா கண்ணு, அப்டின்னு மட்டும் சொல்லும்.

சென்னையில இருந்து பெங்களூர் போற ரோடு அது. ரொம்ப நாளா நாலாம் நம்பர் ரோடுன்னு சொல்லிட்டு இருந்தோம், 2010ல நம்பரெல்லாம் மாத்தினப்ப 48 ஆச்சு. அந்த ரோட்டுல நான் போகாத வருஷம் கிடையாது. லீவுக்கு ஆயா வீடு, அப்புறம் காலேஜ், அப்புறம் வேலை, எல்லாத்துக்கும் அதே ரோடுதான். ஜன்னலோரம் உக்காந்தா நான் பண்ற ஒரே வேலை போர்டு படிக்கறது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம், தாமல், ஓச்சேரி, காவேரிப்பாக்கம், சுமைதாங்கி, வாலாஜாபேட்டை. இந்த வரிசை எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனா இந்தப் பேரெல்லாம் ஏன் இப்டி இருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சது ரொம்ப லேட்டாதான், அதுவும் ஆயா போனதுக்கு அப்புறம்.

இதுல பெரிய ஊருக்கெல்லாம் சரித்திரம் எழுதி வச்சிருக்காங்க. வாலாஜாபேட்டை ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா பேர்ல வந்தது. காவேரிப்பாக்கத்துல 1752 பிப்ரவரியில பெரிய சண்டை நடந்திருக்கு. பிரெஞ்சுக்காரங்க ஒரு மாந்தோப்புக்குள்ள பீரங்கியை மறைச்சு வச்சிருந்தாங்க, இங்கிலீஷ்காரங்க தளபதி ராபர்ட் கிளைவோட படை அந்தத் தோப்புக்குப் பின்பக்கமா ராத்திரியில ஆள் அனுப்பி அதைப் பிடிச்சது, எல்லாம் விலாவாரியா பதிவாகி இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் 1751ல இதே கிளைவ் 200 வெள்ளைக்கார சிப்பாய், 300 உள்ளூர் சிப்பாயோட சென்னையில இருந்து காஞ்சிபுரம் வழியா ஆற்காட்டுக்கு நடந்து போயிருக்கான். எத்தனை பேர், எத்தனை துப்பாக்கி, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. அந்தப் படைக்கு அரிசி மூட்டையும் கூடாரமும் தூக்கிட்டு நடந்த ஆளுங்க பேர் ஒண்ணு கூட நமக்குத் தெரியாது. ஆனா தலையில சுமையோட அந்தப் பக்கம் நடந்தவங்களுக்குன்னு ஒரு ஊர்ப்பேர் இருக்கு பாருங்க, அதுதான் சுமைதாங்கி. எனக்கு அந்த மாந்தோப்புச் சண்டையை விட இந்தப் பேர்தான் பெரிய சரித்திரமாப் படுது.

இப்ப இருக்கற பசங்களுக்கு சுமைதாங்கின்னா என்னன்னே தெரியாம இருக்கலாம், அதனால சொல்லிடறேன். ரோட்டோரமா ரெண்டு கருங்கல்லை நட்டு அது மேல குறுக்கா ஒரு நீளக் கல்லைப் படுக்க வச்சிருப்பாங்க, அவ்ளோதான். பார்க்க வாசக்கால் மாதிரி இருக்கும், ஆனா உள்ள நுழைய முடியாது, உசரம் ஒரு ஆளோட கழுத்து வரைக்கும்தான். அந்த உசரத்துலதான் விஷயமே இருக்கு.

தலைச்சுமை தூக்கினவங்களுக்கு இது புரியும். ஒரு நெல்லு மூட்டையையோ புல்லுக்கட்டையோ தரையில இருந்து தானா எடுத்து தன் தலையில வச்சுக்க முடியாது. இன்னொரு ஆள் வந்து ஒரு பக்கம் பிடிக்கணும், ரெண்டு பேரும் ஒரே மூச்சுல தூக்கணும், சுமக்கறவங்க நடுவுல சட்டுனு குனிஞ்சு உள்ள வந்து தலையைக் குடுக்கணும். அதனால தனியா நடக்கறவங்க வழியில எவ்ளோ கழுத்து வலிச்சாலும் மூட்டையைக் கீழ வைக்க மாட்டாங்க, வச்சா மறுபடி தூக்கி விட ஆள் வேணும், ஆள் இல்லாத ரோட்டுல எங்க போறது. சுமைதாங்கி இருந்தா அந்தக் கவலை இல்லை. கல்லுக்குப் பக்கத்துல போய் நின்னு தலையை லேசா சாய்ச்சா மூட்டை தானா வழுக்கி கல்லு மேல உக்காரும். வேர்வையைத் துடைச்சு, சும்மாட்டுத் துணியை உதறி, திரும்பச் சுத்தி, வெத்தலை போட்டு, பக்கத்துக் குளத்துல ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து, திரும்பவும் தலையைக் குடுத்தா மூட்டை ஏறிக்கும். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். மூணு கல்லுல இவ்ளோ யோசிச்சிருக்காங்க.

ஆயா ஊருக்குப் போற வழியில ஏரிக்கரை ஓரத்துல ஒண்ணு இருந்துச்சு. மேல் கல்லோட ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருக்கும், இன்னொரு பக்கம் சொரசொரப்பு. ஏன்னு நான் கேட்டதுக்கு ஆயா, எல்லாரும் ஊருல இருந்து சந்தைக்குப் போறப்பதான்டா சுமையோட போவாங்க, வரப்ப வெறுங்கையோடதான வருவாங்கன்னு சொல்லுச்சு. சந்தைக்குப் போறவங்க பக்கம் தேய்ஞ்சிருக்கு, வரவங்க பக்கம் தேயலை. அந்தக் கல்லு சரியா ஆயா கழுத்து உசரம். அது மேல கைய வச்சு, ஏதோ வீட்டு ஆளைத் தட்டிக் குடுக்கற மாதிரி ரெண்டு தட்டு தட்டும்.

அது புள்ளத்தாச்சிக் கல்லுன்னும் ஆயாதான் சொல்லுச்சு. மாசமா இருந்து, புள்ளை பெறாமலே செத்துப்போன பொண்ணு நெனைவா அவ வீட்டுக்காரங்க இந்தக் கல்லை நடுவாங்க. வயித்துச் சுமையை எறக்காம போயிட்டா, இந்தக் கல்லுல யார் யாரோ சுமையை எறக்க எறக்க அவளுக்கும் பாரம் கொறையும்னு ஒரு நம்பிக்கை. தமிழ்நாட்டுல நெறைய ஊர்ல இந்த வழக்கம் இருந்திருக்கு. சில கல்லுல செத்துப்போனவங்க பேரும் நட்டவங்க பேரும் கூட வெட்டி இருப்பாங்க. ஒரு வீட்டோட துக்கத்தை ரோட்டுல போற முன்பின் தெரியாதவனுக்கு உபயோகமா மாத்தி வச்சிருக்காங்க, அதை நெனச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆயா சொன்னப்ப எனக்கு அந்த வயசுல பயமாத்தான் இருந்துச்சு, கல்லுக்கு அந்தப் பக்கமாப் போக மாட்டேன்.

ஒரு கல்லு நட்டா அங்க நிக்கறவங்க வருவாங்க, நிக்கறவங்க வந்தா ஒரு மோர்ப்பானை வரும், பானை வந்தா ஒரு கூரை வரும், அப்புறம் ஒரு வீடு, நாலு வீடு. ரோட்டோர ஊர் இப்டித்தான் உருவாகுதுன்னு நான் நெனைக்கறேன். அதனாலதான் இந்த ஊர்ப்பேருங்க மத்த ஊர்ப்பேரு மாதிரி இருக்கறதில்லை. உள்ளே தள்ளி இருக்கற ஊருக்கு ஏரி, குளம், சாமி, சாதி, ராஜான்னு குடியிருக்கறவங்க சம்பந்தப்பட்ட பேரா இருக்கும். ரோட்டோர ஊருக்குப் பேர் வச்சது அங்க குடியிருந்தவங்களே கிடையாது, வழியில போனவங்க. "எங்க உக்காந்தே?" "சுமைதாங்கியாண்ட." "எங்க படுத்தே?" "செட்டியார் சத்திரத்துல." இப்டி வாயிலயே அடையாளம் சொல்லிச் சொல்லி அதுவே ஊராயிடுச்சு.

சத்திரத்தையே எடுத்துக்கங்க. நான் சொன்ன வரிசையிலயே சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம்னு ரெண்டு இருக்கு. கல்கத்தா ரோட்டுல ஜனப்பன்சத்திரம் இருக்கு, திண்டுக்கல் பக்கம் ஒட்டன்சத்திரம். ராத்திரி தங்க ஒரு திண்ணை, சமைக்க ஒரு அடுப்பு, மாட்டை அவுத்துக் கட்ட ஒரு மரம், ஒரு கிணறு, இது இருந்தா போதும், நடந்து போறவங்க கணக்குல அது ஒரு பெரிய ஊர். தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்காக ரோடு நெடுக்க சத்திரம் கட்டினாங்க, ஒரத்தநாட்டுல ரெண்டாம் சரபோஜி 1802ல கட்டின முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிக்குது, தேர் மாதிரி சக்கரமும் குதிரையும் யானையும் செதுக்கின கட்டடம், அந்தப் பக்கம் போனா கண்டிப்பா எறங்கிப் பாருங்க. ஆனா ராஜா கட்டின சத்திரத்தை விட, ஒரு செட்டியாரோ ஒரு ஊர்ப் பெரியவரோ கட்டி, இன்னைக்கு ஒரு செங்கல் கூட மிஞ்சாம, பஸ் ஸ்டாப் பேரா மட்டும் மிஞ்சி இருக்கற சத்திரம்தான் எனக்கு நெருக்கமா இருக்கு. கட்டடம் போயும் அந்த மனுஷன் பேரை கண்டக்டர் தினம் நாப்பது தடவை கூப்பிடறார்.

தண்ணீர்ப்பந்தலும் அப்டித்தான். கோயம்புத்தூர் பக்கம், பெரம்பலூர் பக்கம்னு அந்தப் பேர்ல பல எடம் இருக்கு. வழியில போறவங்களுக்குத் தண்ணி வைக்கறது நம்ம ஊர்ல எவ்ளோ பழசுன்னா, சேக்கிழார் சொல்ற அப்பூதியடிகள் கதையே ஒரு ரோட்டோரத் தண்ணீர்ப்பந்தல்லதான் ஆரம்பிக்குது. திருவையாறு பக்கத்துல திங்களூர். அப்பர் வெயில்ல நடந்து வரார், ஒரு பந்தல், உள்ள போனா குளிர்ச்சி, எங்க பார்த்தாலும் திருநாவுக்கரசுன்னு தன் பேரே எழுதி இருக்கு. யார்யா இது என் பேர்ல வச்சதுன்னு விசாரிச்சுதான் அப்பூதியடிகள் வீட்டுக்குப் போறார். அப்பூதியார் அதுக்கு முன்னாடி அப்பரைக் கண்ணால பார்த்ததே கிடையாது. பார்க்காத ஒருத்தர் பேர்ல, முகம் தெரியாத வழிப்போக்கனுக்குத் தண்ணி. ரோட்டோர ஊர்ப்பேருக்குள்ள இருக்கற மனசு இதுதான்னு எனக்குத் தோணும்.

வசூல் பண்ணவங்களும் பேர் விட்டுட்டுப் போயிருக்காங்க. சாவடி, சுங்கம், டோல்கேட். திருச்சியில கொள்ளிடம் பாலம் தாண்டினா நம்பர் 1 டோல்கேட், இன்னைக்கு அது ஒரு முழு ஊர், அந்தப் பழைய கேட்டு எங்க இருந்துச்சுன்னு அங்க போய்த் தேட முடியாது.

நம்ம ஊர் ரோட்டுப் பேர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. மெயின் ரோட்டுல இருந்து உள்ளூர் ரோடு பிரியற எடத்துக்கு ஒவ்வொரு ஜில்லாவுலயும் ஒவ்வொரு பேர். எங்க பக்கம் கூட்ரோடு. விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை எல்லாம் கூட்ரோடுதான். மதுரை தாண்டிட்டா அதே எடம் விலக்கு ஆயிடும், விருதுநகர், கோவில்பட்டி பக்கம் எல்லா ஸ்டாப்பும் விலக்குதான். கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் பிரிவு. அரியலூர் பக்கம் கைகாட்டி, அங்க வி.கைகாட்டின்னே ஒரு ஊர் இருக்கு, அவினாசிகிட்ட கைகாட்டிப்புதூர். கை நீட்டுற மாதிரி பலகை வச்ச வழிகாட்டிக் கம்பம் இருக்குமே, அதுதான் கைகாட்டி. ஒரே ரோட்டுமுனை, ஒருத்தருக்கு அது ரெண்டு ரோடு கூடற எடம், இன்னொருத்தருக்கு விலகற எடம், இன்னொருத்தருக்குப் பிரியற எடம். பஸ்ல தூங்கி முழிச்சு எந்த ஜில்லான்னு தெரியணும்னா கண்டக்டர் சொல்ற ஸ்டாப்போட கடைசி வார்த்தையைக் கேட்டாப் போதும்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களையும் ரோடு போட்டவங்க யோசிச்சிருக்காங்க. தர்மபுரிப் பக்கம் கெடைச்ச அதியமான் பெருவழிக் கல்லுல, நாவல் தாவளத்துக்கு காதம் 29னு எழுதி இருக்கு, கூடவே ரெண்டு பெரிய குழியும் ஒம்பது சின்னக் குழியும் தோண்டி வச்சிருக்காங்க. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒண்ணு. படிக்கத் தெரியாதவன் விரலை விட்டு எண்ணிக்கலாம், ராத்திரி இருட்டுல கூட தடவிப் பார்த்து எண்ணிக்கலாம். தாவளம்னா வியாபாரிங்க மாட்டை அவுத்துவிட்டுத் தங்கற எடம். ஏறக்குறைய 700 வருஷத்துக்கு முந்தின கல்லு அது. அதைப் பத்திப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்துச்சு. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. பஸ் நம்பரைக் கூட சைஸ் வச்சும் கலர் வச்சும்தான் கண்டுபிடிக்கும். எங்க ரோட்டுல மட்டும் அந்த மாதிரி குழி போட்ட கல்லு இருந்திருந்தா ஆயா யாரையும் கேட்காம தனியாவே மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கும்.

ஆனா காகிதத்துல இந்த ஊருங்களோட நெலைமை வேற. தமிழ்நாட்டுல ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சி இருக்கு, அதுக்குள்ள அடங்கின குக்கிராமங்க 79,000த்துக்கு மேல. அதாவது ஒரு ஊராட்சிக்கு சராசரியா ஆறு குட்டி ஊர், அதுல ஒண்ணு பேர்லதான் ஊராட்சி இருக்கும், மீதி அஞ்சும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பத்திரத்துல பார்த்தீங்கன்னா "இன்ன கிராமம் மஜரா இன்ன ஊர்"னு வரும், சில பக்கம் உட்கிடைன்னு எழுதுவாங்க. பட்டாவும் சர்வே நம்பரும் தாய் கிராமத்து பேர்ல. ரோட்டோர ஊரோட பேர் பத்திரத்துல நான்குமால், அதாவது நாலு பக்க எல்லை, எழுதற எடத்துல வந்தா உண்டு, இல்லைன்னா அதுவும் இல்லை. எங்க ஆயா வீட்டுப் பழைய பத்திரத்துல கிழக்கு எல்லையா "சுமைதாங்கிக் கல்லுக்கும் மேற்கு"ன்னு ஒரு வரி இருக்கு. நூறு வருஷமா நெலத்துக்கே எல்லை காட்டின கல்லு அது. எனக்கு அந்தப் பத்திரத்துலயே அந்த வரிதான் பொக்கிஷம்.

2020ல அரசாங்கம் 1,018 ஊர்ப்பேரோட இங்கிலீஷ் எழுத்தை தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஆணை போட்டுச்சு, கொஞ்ச நாள்லயே திரும்ப வாங்கிக்கிச்சு. எப்டி எழுதணும்னு அப்ப பெரிய சண்டை நடந்துச்சு. என்னைக் கேட்டா எழுத்தை விட அர்த்தம் போறதுதான் பெரிய நஷ்டம். மேப்ல இங்கிலீஷ்ல சுமைதாங்கின்னு வந்தாலும் சுமதாங்கின்னு வந்தாலும் வண்டி ஓட்டறவங்களுக்கு அது ஒரு பச்சை போர்டு, அவ்ளோதான். பேருக்குள்ள இருக்கற கல்லை யாரும் கண்ணால பார்த்தது இல்லைன்னா அந்தப் பேர் வெறும் சத்தமா ஆயிடும்.

ரோடு அகலமாகறப்ப முதல்ல போறது ஓரத்துல இருக்கறதுதான். புளியமரம் போச்சு, பழைய மைல்கல்லு போச்சு, கிணறு மூடியாச்சு. மேம்பாலம் வந்ததுக்கு அப்புறம் எக்ஸ்பிரஸ் பஸ் எல்லாம் மேலயே போயிடுது, கீழ சர்வீஸ் ரோட்டுல எறங்கி ஏறுறதே இல்லை. ரோட்டுனால பொறந்த ஊர் அது, இப்ப ரோடு அதைப் பார்க்காமலே தாண்டிப் போயிடுது. ரோடு போட வேணாம்னு நான் சொல்ல வரலை, அந்த ரோட்டுலதான் எங்க அப்பாவை ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆனா ஒரு கல்லைப் பிடுங்கறப்ப அதை பத்தடி தள்ளி மறுபடி நட்டு வைக்க எவ்ளோ நேரம் ஆகும்? ஒரு ஜேசிபிக்கு அரை மணி நேர வேலை. நம்ம ஊர்ல சின்ன ஸ்டாப்ல யாராவது பெரியவங்க இருந்தா இந்தப் பேர் ஏன் வந்துச்சுன்னு கேட்டு எழுதி வைங்க, போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. கதை கட்டி ராமர் வந்தார், பாண்டவர் தங்கினார்னு சொல்றதை விட, இங்க ஒரு பானை இருந்துச்சு, ஒரு கல்லு இருந்துச்சுன்னு சொல்றது எனக்கு உசத்தியாப் படுது.

போன மாசம் ஆயா ஊருக்கு ஒரு சாவுக்குப் போக வேண்டி வந்துச்சு. திரும்பி வரப்ப பஸ்ஸுக்கு நின்ன எடத்துல பெஞ்சு மாதிரி ஒரு கருங்கல் கெடந்துச்சு, ரெண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கி அது மேல தூக்கி வச்சிருந்தாங்க, முட்டி உசரம்தான் இருக்கும். உக்காந்ததுக்கு அப்புறம்தான் கை பட்டுச்சு. ஒரு ஓரம் வழவழன்னு, இன்னொரு ஓரம் சொரசொரன்னு. எழுந்து நின்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன், அதேதான், ஏரிக்கரைக் கல்லுதான். ரோடு வேலை நடந்தப்ப பிடுங்கிப் போட்டதை, வீணாப் போக வேணாம்னு டீக்கடைக்காரர் கொண்டு வந்து போட்டிருக்கார். நட்டிருந்த ரெண்டு கல்லும் என்ன ஆச்சுன்னு கேட்டேன், எங்கியோ மண்ணுக்கடியில போயிடுச்சு சார்னார்.

அந்த நேரம் வரப்பு மேல இருந்து ஒரு அம்மா ஏறி வந்தாங்க, அறுவது வயசு இருக்கும், தலையில பெரிய புல்லுக்கட்டு. கல்லுப் பக்கம் வந்து நின்னு, அது மேல எறக்கி வைக்க முடியாம, கட்டைக் கீழ போட்டாங்க. தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. சும்மாட்டைச் சுத்தித் தலையில வச்சுக்கிட்டு ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"தம்பி, செத்த கை குடுத்துத் தூக்கி வுடுப்பா."

நான் பையைக் கல்லு மேல வச்சிட்டுப் போய் ஒரு பக்கம் பிடிச்சேன். ஈரப் புல்லு, நான் நெனச்சதை விட பாரம். ஒரே மூச்சுல தூக்கினோம், அவங்க சட்டுனு குனிஞ்சு உள்ள வந்து தலையைக் குடுத்தாங்க.